ஆர். அம்பிகா இரண்டு பேர்

எங்கள் கம்பெனியில் ஷஹீன் பானு என்று மூன்று பேர் இருக்கிறோம். ஒருத்தி கட்டிங் ஷஹீன், ஒருத்தி ஆபீஸ் ஷஹீன், நான் வாய் ஷஹீன். இந்தப் பட்டத்தை எனக்கு வைத்த புண்ணியவானை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் கிடைத்தால் அவருக்கு இருக்கிறது கச்சேரி. ஆனால் வாய் இருப்பதால்தான் ஷர்மிளாவின் கதையைச் சொல்ல முடிகிறது. அதனால் இப்போதைக்கு அவரை விட்டுவிடுகிறேன்.

ஷர்மிளா எனக்குப் பக்கத்து மேஜை. பள்ளிகொண்டாவைத் தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கிறது எங்கள் ஷூ கம்பெனி. தைத்து வருகிற ஷூவின் மேல்பாகங்களை இடது, வலது என்று ஜோடி சேர்ப்பது எங்கள் இரண்டு பேர் வேலை. "இதுல இன்னா கஷ்டம், எடுத்துச் சேக்க வேண்டியதுதானே" என்று என் மாமியார் கேட்பார். வந்து பார்க்கட்டும். எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே அளவு, ஒரே தையல். மேஜையில் வைத்தால் கூடப் பிறந்தவை மாதிரி இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று தெரியும். அதற்காகவே சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி ஜன்னலோர மேஜையை வாங்கியவள் ஷர்மிளா. "நான் சேத்த ஜோடி திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அடக்கம் கிடக்கம் எல்லாம் அவளிடம் தேடக்கூடாது.

கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தவள். வேலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மற்றவர்கள் தூங்குவார்கள், பாட்டுக் கேட்பார்கள். இவள் போனில் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருப்பாள். முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். இணையத்தில் ஒரு தகவல் களஞ்சியம் இருக்கிறதாம். உலகத்தில் கொஞ்சமாவது பேர் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். பிறந்த ஊர், செய்த வேலை, வாங்கிய பரிசு எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். சம்பளம் கிடையாது. நாம் போனில் ஒரு பெயரைத் தேடினால் மேலே கட்டம் கட்டி வருகிற விவரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் களஞ்சியத்துக்கு நம் ஊர்ப் பெயர்கள் என்றால் ஒரே பேஜார். வெளிநாட்டில் ஒரு பெயரும் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டு பிறந்ததிலிருந்து சாகும்வரை ஓட்டிவிடுகிறார்கள். நமக்கு இருப்பது ஒரு பெயர், முன்னால் ஓர் எழுத்து. ஒரே பெயரில் இரண்டு வக்கீல், மூன்று கவுன்சிலர். இரண்டு ஆட்கள் ஒரே பக்கத்தில் விழுந்து கிடப்பார்கள், ஒரே ஆள் இரண்டு பக்கமாகக் கிழிந்து கிடப்பான். ஷர்மிளா அவர்களைப் பிரிப்பாள், சேர்ப்பாள். ஐந்து வருடமாக அதுதான் அவள் பைத்தியம்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருநாள் அவள் வாயைப் பிடுங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு இ. ஷர்மிளா இருந்தார்களாம். இவள் அப்பா இன்பராஜ், அவள் அப்பா இளங்கோ. வாத்தியார் இவளைக் கருப்பு ஷர்மிளா என்று கூப்பிட ஆரம்பித்து, பிளஸ் டூ முடியும்வரை அதுவே நிலைத்துவிட்டது. "ஆளப் பிரிச்சுக் காட்ட வேற அடையாளமே கெடைக்கலயா அந்த ஆளுக்கு? நான் கணக்குல நூறு வாங்கினவ. நூறு ஷர்மிளான்னு கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் அந்த வாத்தியாரைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

போன வருடம் பேக்கிங்கில் வேலை செய்யும் அம்பிகா அக்கா சாப்பாட்டு நேரத்தில் எங்களைத் தேடிவந்தார். கணியம்பாடிக்காரர். நாற்பது வயது இருக்கும். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் அட்டைப்பெட்டியை அவர் ஒரு கையில் தலையணை மாதிரி தூக்கிப்போவார். அதிகம் பேசமாட்டார்.

"நீதானம்மா போன்ல ஆளுங்களப் பத்தி எழுதற பொண்ணு?" என்று ஷர்மிளாவைக் கேட்டார்.

"ஆமாக்கா. இன்னா விஷயம்?"

"என்னப் பத்தி யாரோ தப்பா எழுதிட்டாங்க."

அப்போதுதான் எங்களுக்கே தெரியும், அம்பிகா அக்கா பளு தூக்கியவர் என்று. சாதாரணமாக இல்லை. 2006-இல் தேசிய அளவில் வெள்ளி. கல்யாணத்துக்குப் பிறகும் தூக்கி வாங்கியது. இரண்டாவது குழந்தை பிறந்ததோடு விட்டுவிட்டு ஷூ கம்பெனிக்கு வந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது ஓர் அறக்கட்டளை கணியம்பாடியில் பெண் பிள்ளைகளுக்குப் பளு தூக்கும் பயிற்சி நிலையம் ஆரம்பிக்கப்போகிறது. பயிற்சியாளராகப் போவதற்கு அக்கா நேர்காணலுக்குப் போயிருக்கிறார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். நடுவில் ஒருவர் போனைப் பார்த்திருக்கிறார், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டியிருக்கிறார். ஊக்கமருந்து சாப்பிட்டு இரண்டு வருடம் தடை வாங்கியவரை எப்படிப் பிள்ளைகளிடம் விடுவது என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் இல்லன்னேன். பேரு, வருஷம், எடப் பிரிவு எல்லாம் உங்களுதுதானேன்னாங்க. இல்லன்னா மாசக் கடைசிக்குள்ள நிரூபிங்கன்னு அனுப்பிட்டாங்க." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "சோறு துன்ன முடியலம்மா. அந்த வேல எனக்கு வோணும். இத்தன வருஷத்துல நான் ஆசப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

ஷர்மிளா களஞ்சியத்தைத் திறந்தாள். ஆர். அம்பிகா, பளு தூக்கும் வீராங்கனை, தமிழ்நாடு. 2006 தேசிய வெள்ளி. 2007 ஊக்கமருந்துத் தடை. எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற வரலாறு உண்டு. அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனவள் முகம் செத்துவிட்டது.

"இன்னா டி?" என்றேன்.

"ரெண்டு ஆர். அம்பிகா பக்கம் தனித்தனியா இருந்திருக்கு. ஒண்ணாச் சேத்தது நான்தான்."

மூன்று வருடத்துக்கு முன்னால். ஒரே பெயர், ஒரே மாநிலம், ஒரே எடைப் பிரிவு, அடுத்தடுத்த வருடம். ஒரே ஆள்தான் என்று அடித்துச் சேர்த்திருக்கிறாள். அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் மழுப்பவில்லை. "அக்கா, தப்பு என்னுது" என்று அந்த இடத்திலேயே சொன்னாள். அம்பிகா அக்கா டிபன் பாக்ஸை மூடினார்.

"அப்ப நீயே எடுத்துடு."

"பிரிக்கறது ஒரு நிமிஷ வேலக்கா. பிரிச்சா ரெண்டு ஆர். அம்பிகா வருவாங்க. தடை யாருக்கு, வெள்ளி யாருக்குன்னு எப்படிப் போடறது? அப்ப வந்த பேப்பர்ல எல்லாம் 'தமிழகத்தின் ஆர். அம்பிகா'ன்னு மட்டும்தான் இருக்கு. ஊர் பேரு இல்ல. நீங்க சொன்னீங்கன்னு நான் எழுத முடியாது. அச்சுல வந்திருக்கணும்."

எனக்கு வந்ததே கோபம். "சேக்கும்போது எந்த அச்சக் கேட்டுச் சேத்த நீ?" என்று கத்திவிட்டேன். கேண்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷர்மிளா சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு மேஜைக்குப் போய்விட்டாள். அவள் பெருமை அடங்கி நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

மறுநாளே பழையபடி ஆகிவிட்டாள். அக்காவை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி. எப்போது ஆரம்பித்தீர்கள், எங்கே தூக்கினீர்கள், கூட யார் இருந்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல இருந்தே தூக்கறேன். 2003-ல ஸ்டேட் கோல்டு. அப்ப நான் ஜி. அம்பிகா."

"ஜி-யா?"

"எங்கப்பா கோவிந்தசாமி. கல்யாணத்துக்கு அப்புறம் ஊட்டுக்காரர் பேரு, ராஜேஷ். அதான் ஆர். எல்லாருக்கும் அப்படித்தானே மாறும்?"

எல்லாருக்கும் அப்படித்தான் மாறும். எனக்கும் மாறியது. அப்பா பெயர் போய்ப் புருஷன் பெயர் முன்னால் வந்து உட்காரும், நாமும் கையெழுத்தை மாற்றிக்கொண்டு போய்விடுவோம். களஞ்சியத்துக்கு அது எப்படித் தெரியும்? ஷர்மிளா தேடினாள். ஜி. அம்பிகா என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. 2003 மாநிலத் தங்கத்தோடு நின்றிருந்தது, அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒரு வரி இல்லை.

"இடது கால் கெடச்சிடுச்சு" என்றாள் ஷர்மிளா.

இன்னொரு ஆர். அம்பிகாவை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி முகாமில் இரண்டு பேரும் ஒரே அறை. அங்கே இவரை வேலூர் என்றும் அவரைப் பண்ருட்டி என்றும்தான் கூப்பிடுவார்களாம். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அவருடைய ஆர் அப்பா ராமலிங்கத்தின் ஆர். மருந்துச் சோதனையில் மாட்டியது அவர்தான். முகாமை விட்டு அழுதுகொண்டே போனவரை அதற்குப் பிறகு அக்கா பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் திருவண்ணாமலை பஸ் பிடித்து, அங்கிருந்து விழுப்புரம், அப்புறம் பண்ருட்டி. போய்ச் சேர்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவர் அப்பாவுக்குப் பலாப்பழ வியாபாரம் என்று முகாமில் கேட்ட ஞாபகம் அக்காவுக்கு இருந்ததால் மண்டியில் ராமலிங்கம் மகள் என்று விசாரித்தோம், 'பாண்டியன் பழ மண்டி' என்று போர்டு போட்ட கடையைக் காட்டினார்கள். அங்கே ஓர் அம்மா பெரிய பலாப்பழத்தை முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினார். அதைப் பார்த்ததும் அம்பிகா அக்கா சிரித்துவிட்டார்.

"பண்ருட்டி" என்று கூப்பிட்டார்.

அந்த அம்மா பழத்தோடு திரும்பினார். "வேலூரா?" என்றார். பழத்தைக் கீழே வைக்கவே மறந்துவிட்டார்.

அரை மணி நேரம் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பேசினார்கள். பிறகு ஷர்மிளா வந்த காரியத்தைச் சொன்னாள். ஒரு பத்திரிகைக்காரரிடம் நீங்கள் பேச வேண்டும், 'நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள், தடை வாங்கியது நான்' என்று சொல்ல வேண்டும். பண்ருட்டி அக்காவின் முகம் இறுகிவிட்டது.

"டானிக்குன்னு குடுத்தாங்க, கேக்காம குடிச்சேன். தப்பு என்னுது, தண்டனையும் முடிஞ்சுது. ஆனா இங்க என் மாமியா ஊட்ல யாருக்கும் தெரியாது. பேப்பர்ல போட்டா நான் எப்படித் தல நிமிந்து நடப்பேன்?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அம்பிகா அக்கா என் கையை அழுத்திப் பிடித்துவிட்டார். "வோணாம் பண்ருட்டி. உனக்குக் கஷ்டம்னா வோணாம். நான் கோச் ஆகலன்னா செத்தா போய்டுவேன்?" என்றார். பண்ருட்டி அக்கா ஒரு முழுப் பலாப்பழத்தை எங்கள் தலையில் கட்டினார், ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லி நம்பர் கொடுத்தார். பஸ்ஸில் ஏறியதும் அம்பிகா அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் தாங்கவில்லை, நானும் அழுதேன். பலாப்பழம் என் மடியில் இருந்தது.

ஷர்மிளா மட்டும் அழவில்லை. போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். அதற்குள் அவள் அதை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கடை போர்டுல இன்னா போட்டிருந்துச்சு? பாண்டியன். ஊட்டுக்காரர் பேரு. அப்ப அவங்க இன்னிக்குப் பி. அம்பிகா. இங்க பாரு."

பி. அம்பிகா. தனிப் பக்கம். 2010, மாநிலப் போட்டி, வெண்கலம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தடை முடிந்து, கல்யாணம் ஆகி, அந்த அம்மா திரும்ப வந்து தூக்கியிருக்கிறார். அதில் ஜெயித்தும் இருக்கிறார். உலகத்தைப் பொறுத்தவரை ஆர். அம்பிகா தடையோடு முடிந்துபோனவள், பி. அம்பிகா யாரோ ஒருத்தி.

ஷர்மிளா அந்தப் பக்கத்தை அப்படியே அவருக்கு அனுப்பி, "அக்கா, இது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். வற்புறுத்தி ஒரு வார்த்தை எழுதவில்லை. பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மாதக் கடைசி நெருங்க நெருங்க அம்பிகா அக்கா எங்கள் மேஜைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அவரைப் பார்க்க எங்களுக்கும் முகம் இல்லை.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. ஷர்மிளா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த வெண்கலம் நான்தாம்மா" என்றார் பண்ருட்டி அக்கா. "திரும்பி வந்து தூக்கினது எனக்கும் என் ஊட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன். எங்கயோ எழுதி வச்சிருக்காங்களே. அது என் பேருல சேரணும்னா தடையும் நான்தான்னு சொல்லணும். அப்படித்தானே?"

"ஆமாக்கா. ரெண்டும் சேந்துதான் வரும்."

"நேத்து மாமியாகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'சரி, அப்புறம் திரும்பித் தூக்கினியா இல்லியா'ன்னு கேட்டுச்சு. தூக்கினேன்னேன். 'அப்புறம் என்னா'ன்னு போய்டுச்சு. பேப்பர்காரர வரச் சொல்லு. நான் செஞ்சத நான் சொல்றேன். வேலூரு எதுக்கு அதச் சுமக்கணும்?"

அவர் பேட்டி பேப்பரின் கடலூர்ப் பதிப்பில் கால் பக்கம் வந்தது. தோளில் பலாப்பழத்தோடு படம். ஊர், அப்பா பெயர், கணவர் பெயர், தடை, தடைக்குப் பிறகான வெண்கலம், முகாமில் கூட இருந்த வேலூர் அம்பிகா, அவர் வாங்கிய வெள்ளி எல்லாம் தெளிவாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங், கட்டிங் என்று எல்லாப் பெண்களும் எங்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஷர்மிளா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் தான் சேர்த்ததைப் பிரித்தாள். ஜி-யையும் ராஜேஷின் ஆர்-ஐயும் சேர்த்தாள். ராமலிங்கத்தின் ஆர்-ஐயும் பி-யையும் சேர்த்தாள். நான்கு பாதி இரண்டு ஜோடியானது. ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்தச் செய்தியை ஆதாரமாகக் கொடுத்தாள்.

கடைசியில் ஒன்று மீதி இருந்தது. களஞ்சியத்தில் 'இவர் வேறு, அவர் வேறு' என்று குறிக்க ஓர் இடம் உண்டு. பின்னால் வருகிற இன்னொரு ஷர்மிளா இதே தப்பைச் செய்யாமல் இருக்க. இந்தப் பக்கத்தில் அவர் பெயர், அந்தப் பக்கத்தில் இவர் பெயர்.

அம்பிகா அக்கா குனிந்து பார்த்தார். "அப்ப என் பக்கத்துலயே பண்ருட்டி எப்பவும் இருப்பாளா?"

"இருப்பாங்கக்கா."

"அது போதும்" என்றார். ஷர்மிளாவின் தலையில் கை வைத்து ஓர் ஆட்டு ஆட்டினார். பளு தூக்கிய கை, அவள் கழுத்து இரண்டு நாளைக்கு வலித்தது.

அறக்கட்டளைக்காரர்கள் அதே போனில் அதே பெயரைத் திரும்பத் தேடிப் பார்த்தார்கள். மாதக் கடைசிக்கு முன்பே அக்காவுக்கு வேலை உறுதியானது. கம்பெனியில் அன்றைக்குப் பேக்கிங் பெண்கள் அவரையே ஓர் அட்டைப்பெட்டியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதமாதிரி போய்விட்டார்.

பயிற்சி நிலையத் திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பண்ருட்டியிலிருந்து அந்த அக்கா மாமியாரோடு வந்திருந்தார். புடவை, பூ, இரண்டு பலாப்பழம். முன்வரிசையில் இரண்டு அம்பிகாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மேடையில் மைக் பிடித்த தம்பி காகிதத்தைப் பார்த்து, "வீராங்கனை ஆர். அம்பிகா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றான்.

வேலூர் எழுந்தார். எழுந்தவர் பண்ருட்டியின் கையைப் பிடித்து அவரையும் எழுப்பினார். "நீயும் அந்தப் பேருலதானே தூக்கின, வா" என்றார். மைக் தம்பி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒருத்தரத்தானே கூப்பிட்டேன். இதுல ஆர். அம்பிகா யாருங்க?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டான்.

பின்வரிசையிலிருந்து நூறு ஷர்மிளா நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"ரெண்டு பேரும்தான் தம்பி. ஆனா ரெண்டும் வேற வேற ஆளு. தனித்தனியா கூப்பிடு."

அவன் தனித்தனியாகக் கூப்பிட்டான். கூட்டம் இரண்டு தடவை கைதட்டியது.